அலமேலு வீட்டில் ஒரு மூளைப் பதிவு: ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் அருவி பார்க்கப் போவார்கள், ஏரியில் படகு விடப் போவார்கள், பலாப்பழக் காலத்தில் பழத்துக்காகவே போவார்கள். நான் போனது ஒருவருக்கு வலிப்பு வரும்போது பக்கத்தில் இருப்பதற்காக. சொன்னால் கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் என் வேலை அது.

இந்த வலைப்பூவில் இதுவரை கோவில்களையும் ரயில்களையும் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். வேலையை உள்ளே கொண்டுவந்ததில்லை. இந்த முறை இரண்டையும் பிரிக்க முடியவில்லை, அதனால் முதலில் கொஞ்சம் என்னைப் பற்றி.

நான் மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். ஏறக்குறைய முப்பது வருடமாக அதே வேலைதான். தலையில் சின்னச் சின்ன உலோக வட்டுகளை ஒட்டி, ஒயர்களை இழுத்து ஒரு கருவியோடு சேர்த்தால், உள்ளே நடப்பதன் சாயல் மெல்லிய கோடுகளாகக் கிடைக்கும். ஈஈஜி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சேர்ந்த காலத்தில் மைப் பேனாக்கள் ஓடும் காகிதத்தில் அந்தக் கோடுகளை வரையும். ஒரு நோயாளிக்கு ஒரு மூட்டைக் காகிதம் சேர்ந்துவிடும். வலிப்பு வந்தால் பேனாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் துள்ளும். முதல் தடவை பார்த்தபோது பயந்து பின்னால் நகர்ந்தேன். நோயாளியைப் பார்த்து இல்லை, பேனாக்களைப் பார்த்து.

காகிதம் போய் கணினி வந்தது. ஆனால் ஒரு தொல்லை மட்டும் போகவில்லை. நாங்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வலிப்பு வராது. வார்டில் ஒயர் மாட்டிப் படுக்கவைத்தால் மனிதர்கள் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். வேலை இல்லை, வெயில் இல்லை, ஓட்டம் இல்லை. வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை விழுகிறவர் எங்களிடம் ஐந்து நாள் சும்மா படுத்திருந்துவிட்டு எழுந்து போவார். அதனால் கடந்த சில வருடங்களாக என் ஆய்வு, பதிவுக் கருவியை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுபோவது எப்படி என்பது. கருவியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியாயிற்று. சென்னையில் சில வீடுகளில் சோதித்தும் பார்த்தாயிற்று. மின்தடை, குளிர், கல்லும் மண்ணுமான பாதை இருக்கும் இடத்தில் அது தாங்குமா என்பதுதான் தெரியவில்லை.

அலமேலு எங்கள் வார்டுக்கு வந்தது போன மழைக்காலத்தில். (அலமேலு அவருடைய உண்மைப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, எழுதுங்கள், ஆனால் அலமேலு என்று போடுங்கள் என்று அவரே பெயர் தேர்ந்தெடுத்தார். ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டேன்.) முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மலை கிராமத்தில் மகளிர் குழு நடத்தும் சாமை அரவை மில்லை ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வருடமாக அவ்வப்போது திடீரென்று விழுகிறார், கை கால் இழுக்கிறது, ஒரு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார். மலைக்குக் கீழே காட்டிய மருத்துவமனையில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். நிற்கவில்லை. இரண்டாவது மாத்திரை சேர்ந்தது. நிற்கவில்லை. சுழலும் பெல்ட்டின் பக்கத்தில் விழுந்தால் என்ன ஆவது என்று குழு அவரை மில்லிலிருந்து எடுத்துவிட்டது. கணவர் அண்ணாமலை அவரை அடுப்புப் பக்கமும் விடுவதில்லை.

எங்களிடம் ஐந்து நாள் ஒயரோடு இருந்தார். ஒன்றும் வரவில்லை. கடைசி நாள் நான் தலையிலிருந்து வட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"உங்க வூட்டுக்கு வந்தா அது வர மாட்டேங்குதுமா. எங்க வூட்டுக்கு நீங்க வாங்க. அங்க கண்டிப்பா வரும்."

விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார். நான் சிரித்தேன். பிறகு, இவரைவிடப் பொருத்தமான ஆள் யார் கிடைப்பார்கள் என்று தோன்றியது. ஆய்வுக்கான அனுமதிகளை எல்லாம் முறைப்படி வாங்கி முடிப்பதற்குள் தை மாதம் வந்துவிட்டது. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன்.

சென்னை சென்ட்ரலில் காலை ரயில் பிடித்து வாணியம்பாடியில் இறங்கினேன். மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து ஆலங்காயம் இருபது கிலோமீட்டருக்குள்தான். பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி வண்டி இருக்கிறது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கையில் பெரிய பெட்டி இருந்தால் நடத்துநரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். என்னிடம் இரண்டு பெட்டிகள்.

ஆலங்காயம் சின்ன ஊர். நல்ல இட்லி கிடைக்கிறது. மலைக்கு மேலே மருந்துக்கடைகள் குறைவு என்பதால் வேண்டியதை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் முப்பது கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் உட்கார வேண்டும். நான் ஜீப் பேசியிருந்தேன். இரண்டு நாளுக்கு டீசலோடு ஐயாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் ஜாகீர், நாற்பது வயதுக்காரர், ஆலங்காயத்துக்காரர். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா மேடம் இது, கேமராவா? சினிமாவா எடுக்கப் போறீங்க?"

"மூளையைப் பதிவு பண்ற மெஷின்."

"ஓ." பெட்டியைப் பின்னால் ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார். "என் தலையில வெச்சா ஒண்ணும் வராது மேடம். வூட்ல கேட்டுப் பாருங்க, அவங்களே சொல்வாங்க."

காவலூர் வரை பாதை நன்றாக இருக்கிறது. மரங்களுக்கு மேலே வானாய்வகத்தின் தொலைநோக்கி இருக்கும் வெள்ளைக் கூரை தெரியும். அதற்குப் பிறகு வளைவுகள். காட்டில் இலை உதிரத் தொடங்கியிருந்தது, புளியமரங்களில் காய் முற்றித் தொங்கியது. வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். ஜமுனாமரத்தூரை மதியத்துக்கு முன் அடைந்துவிட்டோம். ஒரு மெஸ்ஸில் சாமைச் சோறும் புளிக்குழம்பும், எழுபது ரூபாய். தங்கும் விடுதியில் அறை ஆயிரத்து இருநூறு; வெந்நீர் வாளியில் வரும்.

அலமேலுவின் ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அலமேலுவும் அண்ணாமலையும் வாசலில் நின்றிருந்தார்கள். வார்டில் பார்த்ததைவிட அலமேலு சோர்ந்திருந்தார். பேச்சு மெதுவாக வந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள்.

"எப்பப் பாரு தூக்கம்தான் மேடம்," என்றார் அண்ணாமலை. "இது தூங்கிக்கினே இருக்குது, அப்பவும் விழுறது நிக்கல."

ஒயர் மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை வைத்து, வட்டு வட்டாக ஒட்ட வேண்டும். நெஞ்சில் தோள்பட்டைக்குக் கீழே இரண்டு ஒட்டுவேன். அது இதயத் துடிப்புக்கு. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணியைத் தலைப்பாகை போலச் சுற்றி, கருவியை இடுப்பில் கட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். அலமேலு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவால்ல, குளுருக்கு நல்லாத்தான் இருக்குது," என்றார்.

அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். எனக்காகப் படுத்திருக்கக் கூடாது, வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்ய வேண்டும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை போனபோது அலமேலு மில்லில் இருந்தார். மில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே அறை. உள்ளே வேறொரு பெண் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அலமேலு வெளியே வெயிலில் உட்கார்ந்து, அரைத்து வந்த சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மோட்டார் பக்கத்தில் இருந்தால் மின்சார இரைச்சல் பதிவில் ஏறி, கோடுகள் எல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். ஆனால் வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னது நான்தானே. ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் ஏறியதும் அலமேலு முறத்தோடு எழுந்தார். இரண்டடி வைத்தார். முகம் வெளுத்தது. பயத்தில் வெளுப்பது மாதிரி இல்லை. உதடு கூடச் சாம்பல் நிறமாயிற்று. அப்படியே மடிந்து விழுந்தார். சாமை மண்ணில் கொட்டியது. நான் ஓடிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கை கால் விறைத்து நாலைந்து தடவை வெட்டி இழுத்தது. அண்ணாமலை எங்கிருந்தோ ஓடிவந்தார், கையில் ஒரு சாவிக்கொத்து.

"கையில இரும்பு குடுக்கணும் மேடம்!"

"வேணாங்க. ஒண்ணும் குடுக்காதீங்க. தலைய மட்டும் பிடிச்சுக்கோங்க."

அவர் சொல் கேட்டார். அதற்குள் அலமேலுவின் முகத்தில் ரத்தம் பாய்ந்து சிவந்தது. கண் திறந்தது. என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார்.

"மெஷின நிறுத்திட்டீங்களா? பாதி நெல்லு உள்ள இருக்குமே," என்றார்.

(அந்தப் பக்கம் உமி நீக்காத சாமையையும் நெல் என்றுதான் சொல்கிறார்கள்.)

அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. பெரிய வலிப்பு வந்து போன ஒருவர் உடனே இப்படிப் பேச மாட்டார். மூளையில் புயல் அடித்து ஓய்ந்த பிறகு வெகுநேரம் குழப்பம் இருக்கும். தான் எங்கே இருக்கிறோம், எதிரே நிற்பது யார் என்றே தெரியாது. இவர் உள்ளே மெஷினில் எவ்வளவு தானியம் நிற்கிறது என்று யோசிக்கிறார்.

வீட்டுக்கு அழைத்துப்போய் அவரைப் படுக்கவைத்துவிட்டு, கருவியிலிருந்து பதிவை மடிக்கணினியில் ஏற்றினேன். கோடுகள் வரிசையாக வந்தன. மோட்டாரின் இரைச்சலை வடிகட்டினேன். அவர் எழுந்து நின்ற நேரத்துக்குப் போனேன். வலிப்பு என்றால் இங்கே கூரான அலைகள் கிளம்பி, எல்லாக் கோடுகளிலும் பரவி, உயர்ந்துகொண்டே போக வேண்டும். அப்படி எதுவும் இல்லை. அலைகள் மெதுவாயின, பெரிதாயின, பிறகு அடங்கிப் படுத்துவிட்டன. கை கால் இழுத்த நேரத்தில் மூளை ஏறக்குறைய மௌனமாக இருந்தது. பிறகு மெதுவான அலைகள், பிறகு வழக்கமானவை.

அப்போதுதான் திரையின் அடியில் இருக்கும் கோட்டைப் பார்த்தேன்.

இதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இதயத் துடிப்பின் கோடு எல்லாப் பதிவிலும் கடைசியில் இருக்கும். எங்கள் துறையில் அது ஒரு தொந்தரவு. இதயத்தின் மின்சாரம் மூளையினுடையதைவிடப் பலமடங்கு பெரியது, அது கசிந்து வந்து மூளைக் கோடுகளில் கலக்கும். அதைக் கண்டுபிடித்து அழிப்பதற்காகத்தான் அந்தக் கோட்டை வைத்திருக்கிறோம். என் முனைவர் பட்ட ஆய்வில் ஓர் அத்தியாயமே அது.

அந்தக் கோட்டில் அலமேலுவின் இதயம் சீராகத் துடித்துக்கொண்டே வந்து, நின்றிருந்தது. துடிப்பு, துடிப்பு, பிறகு வெறும் கோடு. திரையின் கட்டங்களை எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். பதினான்கு விநாடி. பிறகு தானாகவே மறுபடி தொடங்கியிருந்தது.

மூளைக்கு ரத்தம் போகாததால்தான் விழுகிறார். வலிப்பு போல இழுப்பதும் அதனால்தான். இரண்டு வருடமாக மாத்திரை தின்றது இல்லாத நோய்க்கு. இருக்கிற நோயோ, ஒரு நாள் அந்தக் கோடு மறுபடி தொடங்காமலே போய்விடக்கூடியது. வார்டில் இருந்த ஐந்து நாளும் இதயம் ஒழுங்காகத் துடித்ததால் அங்கே யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

என் வேலையில் நான் பார்ப்பது எப்போதும் முடிந்துபோன பதிவு. யாரோ எப்போதோ விழுந்ததை, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பார்ப்பேன். இங்கே அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

ஊரில் சிக்னல் இல்லை. ஜாகீர் ஜீப்பில் மேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு குறிப்பிட்ட பாறைக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கும். திரையைப் படம் எடுத்து எங்கள் குழுவின் நரம்பியல் மருத்துவர் பிரேமாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"இப்பவே கீழ கொண்டுவாங்க. வேலூருக்கு. இதய மருத்துவர்கிட்ட நான் பேசிடறேன். படுக்கவெச்சே கூட்டிட்டு வாங்க, தனியா நடக்க விடாதீங்க. அந்த ரெண்டாவது மாத்திரைய இன்னிக்கு குடுக்க வேணாம். அது துடிப்பை இன்னும் கெடுக்கலாம்."

நூற்றெட்டுக்கும் பேசினேன். ஆம்புலன்ஸ் மேலே ஏறி வந்து திரும்ப நேரமாகும், நாங்கள் ஜீப்பில் இறங்கத் தொடங்கினால் போளூர்ப் பக்கம் அடிவாரத்தில் நிற்பதாகச் சொன்னார்கள். நல்ல யோசனை.

திரும்பி வந்து சொன்னபோது அண்ணாமலை ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. களைத்துப்போயிருந்தார்.

"ரெண்டு வருசமா வலிப்பு வலிப்புன்னாங்க. மாத்திர போட்டோம். மெட்ராசுக்கு இட்டுக்கினு வந்தோம். இப்ப நெஞ்சுங்கறீங்க. அடுத்த வாட்டி இன்னா சொல்வீங்க? கல்லீரலா?"

கணினியைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். இது நேற்று சாயங்காலம் துடித்தது. இது இன்று காலை. விரலை வைத்துக் காட்டினேன். அவர் வெறும் கோட்டின் மேல் தன் விரலை வைத்து, அது முடியும் இடம்வரை இழுத்துக்கொண்டு போனார்.

அலமேலு படுத்தபடியே கேட்டார்: "இதுக்கு வைத்தியம் இருக்குதா?"

"இருக்குது. சின்ன மெஷின் ஒண்ணு உள்ள வெப்பாங்க. நின்னா அது தட்டிக் குடுக்கும்."

"வெச்சா மில்லு ஓட்டலாமா?"

"அத டாக்டர்தான் சொல்லணும்."

"சரி, கெளம்பலாம்," என்று அவரே எழுந்து உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "படுங்க!" என்று கத்தினோம்.

மதியத்துக்கு மேல் கிளம்பினோம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நான் போக நினைத்திருந்தது வந்த வழியேதான், ஆனால் வேலூருக்கு இந்தப் பக்கம் வசதி. பயணமாக வருகிறவர்களுக்கும் இந்த இறக்கம்தான் அழகு என்கிறார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. பின்னிருக்கையில் அலமேலுவின் தலை அண்ணாமலையின் மடியில், கால் என் மடியில். என் விரல் அவர் பாதத்தில் நாடியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. ஒயர்களைக் கழற்றவில்லை. கருவி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

வளைவுகளில் பாதி இறங்கியிருப்போம். அலமேலு, "வருது," என்றார்.

விரலடியில் ஒன்றும் இல்லை.

கால்களைத் தூக்கிப் பிடித்தேன். முகம் சாம்பல் ஆயிற்று. அண்ணாமலை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"நிறுத்தட்டா மேடம்?" என்றார் ஜாகீர்.

"நிறுத்துங்க!"

சாலையோரம் நின்றது. நான் இருக்கையில் மண்டியிட்டு, கையை நெஞ்சின் நடுவில் வைத்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் பொம்மையின் மேல் செய்து பழகியது. மனிதர் மேல் வைத்ததே இல்லை. அழுத்தப் போகிற நேரத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு உதை. பிறகு இன்னொன்று. அவர் முகம் சிவந்தது. கண் திறந்து என் கையைப் பார்த்தார்.

"இன்னா பண்றீங்க?"

அண்ணாமலை அழுதுகொண்டே சிரித்தார். ஜாகீர் வண்டியை எடுத்தார். அடிவாரம் வரை வாயில் ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினார்.

ஆம்புலன்ஸ் சொன்ன இடத்தில் நின்றது. அலமேலுவை மாற்றினோம், நானும் அண்ணாமலையும் கூட ஏறிக்கொண்டோம். போளூரைத் தாண்டி, சந்தவாசல், கண்ணமங்கலம். கண்ணமங்கலத்தில் சாலையை அடைத்துக்கொண்டு கரும்பு வண்டி ஒன்று நின்றது; கடைக்காரர்கள் இறங்கி வந்து மற்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டார்கள். பொழுது சாயும்போது வேலூரை அடைந்தோம். இதய மருத்துவர் ஜீப்பில் பதிவானதைத்தான் முதலில் பார்த்தார். ஈசிஜி எடுத்தார்கள், அது சுத்தமாக இருந்தது. "இந்தப் பதிவு இல்லேன்னா நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்," என்றார் அவர். மறுநாள் காலையில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஒரு மணி நேரத்து வேலை.

நான் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். எங்கள் மென்பொருள், பதிவைத் திறந்ததும் இதயக் கோட்டை மங்கலாக்கித் திரையின் அடியில் ஒதுக்கிவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. வீட்டுப் பதிவுகளில் இனி அதை மங்கலாக்கக் கூடாது என்று மாற்றினேன். துடிப்பில் இடைவெளி விழுந்தால் எச்சரிக்கும்படியும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். மூளையைப் படிக்கப் போன ஆய்வில் இதயம் ஒரு அத்தியாயமாகச் சேர்ந்திருக்கிறது. எல்லா வலிப்பும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது வலிப்புதான், மாத்திரைதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மலையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் இருக்கும், கம்பளி வேண்டும். ஆலங்காயம் வழியாக ஏறி போளூர் வழியாக இறங்கினால் மலையை முழுதாகக் கடந்த மாதிரி. கடைசிப் பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். எல்லா நிறுவன சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது, எங்கே கிடைக்கும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேனும் சாமையும் புளியும் அங்கேயே வாங்குங்கள்.

வழியில் யாராவது விழுந்து கை கால் இழுத்தால், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு வேண்டாம். நாடி கிடைக்கிறதா, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் நிற்பவரிடம், விழுந்தவரைக் கைப்பேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகம் என்ன நிறமானது, எவ்வளவு நேரத்தில் தெளிவாகப் பேசினார் என்பது மருத்துவருக்குப் பெரிய உதவி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ மூச்சு இல்லை என்றாலோ நூற்றெட்டைக் கூப்பிடுங்கள்.

பங்குனியில் மறுபடி போனேன், இந்த முறை பேருந்தில். அலமேலு மில்லில் இருந்தார். மோட்டாரிலிருந்து கைக்கெட்டாத தூரத்தில் நின்று வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். மாத்திரைகளை மருத்துவர்கள் படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். தூக்கக் கலக்கம் போய்ப் பேச்சில் வேகம் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

தன்னுடைய மூளைப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கணினியைத் திறந்து காட்டினேன். விழுந்த இடத்தை வேண்டாம் என்றார். அதற்கு முந்தைய நாள் சாயங்காலத்தைக் கேட்டார். கோடுகள் ஓடின. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் நானா?"

"நீங்கதான்."

"அப்ப நான் மனசுல இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதப் படிக்க முடியாது."

"முப்பது வருசமா படிச்சும் முடியலியா?"

"முடியல."

அண்ணாமலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அலமேலு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட எழுந்து போனார்.